லவுஞ்சில் சாப்பாடு, விமானத்தில் தூக்கம்

பிசினஸ் கிளாஸ் டிக்கெட் முதன்முதலாகக் கைக்கு வந்தவர்கள் என்னிடம் கேட்பது படுக்கையாக விரியும் சீட்டைப் பற்றி அல்ல, விமானம் ஏறும் வரை உட்கார்ந்து சாப்பிட, ஓய்வெடுக்க விமான நிலையத்தில் இருக்கும் தனி இடமான லவுஞ்சைப் பற்றித்தான். உள்ளே விடுவார்களா, காசு கேட்பார்களா, எத்தனை மணிக்குப் போனால் சரி, எகானமியில் வருகிற அம்மாவையும் கூட்டிப்போகலாமா. ஆபீஸ் செலவில் போகிறவர், பறந்து பறந்து சேர்த்த மைல் புள்ளிகளில் வாங்கியவர், அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் எடுத்துக்கொடுத்த டிக்கெட்டில் கிளம்புகிறவர் என்று எல்லோருக்கும் இதே கேள்விகள். வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

உள்நாட்டு முனையத்தில் டெபிட் கார்டைத் தேய்த்து இரண்டு ரூபாய்க்கு இட்லி சாப்பிடும் லவுஞ்சை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். அங்கே உங்களுக்காகக் காசு கட்டுவது கார்டு கொடுத்த வங்கி. பிசினஸ் கிளாஸில் போகும்போது கட்டுவது விமான நிறுவனம், அதாவது டிக்கெட் விலையில் நீங்களே ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். ஆகவே வாசலில் கார்டை எடுக்காதீர்கள், போர்டிங் பாஸை நீட்டுங்கள். பழக்கதோஷத்தில் கார்டை நீட்டினால் அவர்கள் பாட்டுக்குத் தேய்த்துவிடுவார்கள், வருடத்துக்கு இத்தனை என்று இருக்கிற கணக்கில் ஒன்று வீணாகப் போகும். நான் அப்படி ஒன்றைப் போக்கியிருக்கிறேன்.

சீட்டை விட்டுவிட்டு டிக்கெட்டைப் பாருங்கள்

பிசினஸ் கிளாஸ் என்றாலே லவுஞ்ச் உண்டு என்று இருந்த காலம் போய்விட்டது. 2019-இல் எமிரேட்ஸ் பிசினஸ் கிளாஸிலேயே 'ஸ்பெஷல்' என்று ஒரு மலிவுக் கட்டணம் கொண்டுவந்தது. சீட்டு அதேதான், சாப்பாடும் அதேதான், ஆனால் லவுஞ்சும் கிடையாது, வீட்டு வாசலுக்கு வரும் காரும் கிடையாது. அடுத்த வருடமே கத்தார் ஏர்வேஸ் 'பிசினஸ் லைட்' என்று அதே வழியில் வந்தது, ஃபின்னேரும் ஒரு 'லைட்' வைத்தது. பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும், அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போது கட்டணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு அட்டவணை காட்டுவார்கள் இல்லையா, அதில் லவுஞ்ச் என்ற வரியை மட்டும் விரலை வைத்துப் படியுங்கள். ஏஜென்ட் மூலம் எடுக்கிறவர்கள் அவரிடம் வாயால் கேட்டால் "பிசினஸ்தானே சார், எல்லாம் உண்டு" என்பார். எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

லவுஞ்ச் இல்லாத கட்டணத்தை எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நடுவில் இறங்கி ஏற ஒன்றரை மணி நேரம்தான் என்றால் அந்த நேரம் நடக்கவும் செக்யூரிட்டிக்குமே போய்விடும், லவுஞ்சைப் பார்க்கக்கூட முடியாது, தாராளமாக மலிவானதை எடுங்கள். நாலு மணி நேரம் ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டிய பயணத்துக்கு மட்டும் கூடுதல் காசு கொடுங்கள். அப்புறம், ஏலம் கேட்டு எகானமியிலிருந்து மேலே போகிறவர்கள், மைல் கொடுத்து மேலே போகிறவர்கள், அந்தச் சலுகையில் லவுஞ்ச் சேர்த்தியா இல்லையா என்று நிபந்தனைகளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சீட்டு மட்டும்தான் மாறும், மற்றதெல்லாம் பழைய டிக்கெட்படிதான் என்று எழுதியிருக்கும் இடங்களும் உண்டு.

எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் இருக்கிற பிரீமியம் எகானமி பெயரில்தான் பிரீமியம். பெரும்பாலான நிறுவனங்களில் அதற்கு லவுஞ்ச் இல்லை. ஜப்பான்காரர்கள் விதிவிலக்கு, ஜப்பான் ஏர்லைன்ஸும் ஏஎன்ஏவும் வெளிநாட்டு விமானத்தில் பிரீமியம் எகானமிக்கும் தங்கள் லவுஞ்சைத் திறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அங்கே உள்நாட்டு விமானத்தில் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று விற்பார்கள், நம் ஆட்கள் அதை நம்பி லவுஞ்ச் வாசல் வரை போய்த் திரும்புவார்கள். அமெரிக்கன், யுனைடெட், டெல்டா மூன்றிலும் சாதாரண உள்நாட்டு ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட்டை மட்டும் வைத்துக்கொண்டு லவுஞ்சுக்குள் போக முடியாது. இத்தனைக்கும் இந்த லவுஞ்ச் என்கிற சங்கதியையே ஆரம்பித்து வைத்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸ்தான், 1939-இல் நியூயார்க் லாகார்டியாவில் திறந்த அட்மிரல்ஸ் கிளப். அதே அமெரிக்காவில் நீண்ட தூர வெளிநாட்டுப் பிசினஸ் கிளாஸுக்கு நிலைமை நேர்மாறு. யுனைடெட்டின் போலாரிஸ் லவுஞ்சில் (முதலாவது 2016 டிசம்பரில் சிகாகோவில் திறந்தது) உட்கார்ந்த இடத்துக்கு மெனு கார்டு கொண்டுவந்து கொடுத்து ஹோட்டல் மாதிரி பரிமாறுகிறார்கள். யுனைடெட், லுஃப்தான்ஸா, சிங்கப்பூர் எல்லாம் சேர்ந்த ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் அடிக்கடி பறக்கிறவர்களுக்குக் கொடுக்கும் கோல்டு கார்டை மட்டும் காட்டினால் அங்கே விடமாட்டார்கள், நீண்ட தூரப் பிசினஸ் டிக்கெட் வேண்டும்.

கோடு-ஷேர் (ஒரு நிறுவனம் ஓட்டும் விமானத்தை இன்னொரு நிறுவனம் தன் எண் போட்டு விற்பது) இருந்தால் டிக்கெட்டில் எந்த நிறுவனத்தின் எண் போட்டிருக்கிறது என்பது முக்கியமில்லை, விமானத்தை ஓட்டுவது யார் என்று பாருங்கள். லவுஞ்ச் விதி பெரும்பாலும் ஓட்டுகிறவர் விதிதான்.

ஒரே கட்டிடம், நாலு கதவு

பெரிய விமான நிலையங்களில் ஒரே நிறுவனத்துக்கு மூன்று நாலு லவுஞ்ச் இருக்கும். ஃபிராங்க்ஃபர்ட்டில் லுஃப்தான்ஸாவுக்குப் பிசினஸ் லவுஞ்ச், செனட்டர் லவுஞ்ச், ஃபர்ஸ்ட் கிளாஸ் லவுஞ்ச் என்று அடுக்கு. போதாததற்கு 2004-இலிருந்து ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு என்றே ஒரு தனி முனையம், அங்கிருந்து விமானத்துக்குக் காரில் கொண்டுபோய் விடுவார்கள், குளியல் தொட்டியில் மிதக்கும் ரப்பர் வாத்து வேறு கொடுப்பார்கள், அதைச் சேர்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. பிசினஸ் கிளாஸ் டிக்கெட் மட்டும் வைத்திருப்பவருக்குப் பிசினஸ் லவுஞ்ச்தான். எகானமியில் போகிற ஸ்டார் கோல்டு ஆசாமி பக்கத்துக் கதவில் செனட்டருக்குள் நுழைவதைப் பார்த்து வயிறு எரியும், என்ன செய்ய.

தோஹாவில் கணக்கு மாறும். கத்தாரின் பிசினஸ் பயணிக்கு அல் முர்ஜான், ஃபர்ஸ்டுக்கு அல் சஃப்வா. எகானமியில் வரும், கத்தார் சேர்ந்திருக்கிற ஒன்வேர்ல்டு கூட்டணியின் கார்டுக்காரர்களை அல் முர்ஜானில் சேர்ப்பதில்லை, அவர்களுக்கு வேறு லவுஞ்ச். சிங்கப்பூர் சாங்கியில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிசினஸ் பயணிக்கு சில்வர்கிரிஸ், எகானமி கோல்டுக்காரருக்கு கிரிஸ்ஃப்ளையர் கோல்டு லவுஞ்ச். சூட்ஸ் என்கிற உச்ச வகுப்புக்காரர்களுக்கும் ஃபர்ஸ்ட் கிளாஸ்காரர்களுக்கும் மூன்றாம் முனையத்தில் 'பிரைவேட் ரூம்' என்று உள்ளுக்குள் இன்னொரு உள். ஆக, கதவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு நுழையுங்கள். தப்பான கதவில் நின்றால் யாரும் திட்டமாட்டார்கள், சிரித்த முகத்தோடு கையை நீட்டி அடுத்த கதவைக் காட்டுவார்கள். ஆனால் அந்த அடுத்த கதவு பத்து நிமிட நடையில் இருக்கும். ஃபிராங்க்ஃபர்ட்டில் இன்னும் மோசம், லவுஞ்ச் பாஸ்போர்ட் சோதனைக்கு முன்னாலா பின்னாலா என்று பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து இறங்கி பாரிஸோ ரோமோ போகிறவர்கள் முதலில் பாஸ்போர்ட் வரிசையை முடித்துவிட்டு அந்தப் பக்கம் இருக்கிற லவுஞ்சில் உட்காருங்கள். இந்தப் பக்கமே காபி குடித்துக்கொண்டிருந்தால் வரிசை எவ்வளவு நீளம் என்று கடைசி நேரத்தில்தான் தெரியும்.

கூட வருகிறவர்களைப் பற்றி. பிசினஸ் கிளாஸ் டிக்கெட் பொதுவாக ஒருவருக்கு மட்டும்தான், விருந்தாளியைக் கூட்டிப்போகும் உரிமை அதில் இல்லை. ஸ்டார் அலையன்ஸ் விதியில் ஃபர்ஸ்ட் கிளாஸ் பயணியும் கோல்டு கார்டு வைத்திருப்பவரும் ஒருவரை அழைத்துப்போகலாம், அந்த ஒருவரும் அன்றைக்கு அந்தக் கூட்டணியின் விமானத்தில் போகிறவராக இருக்க வேண்டும். மகன் பிசினஸில், அம்மா எகானமியில் என்றால் கோல்டு கார்டு இல்லாத வரைக்கும் அம்மா வெளியேதான். இது தெரியாமல் குடும்பத்தோடு வாசலில் நின்று பேரம் பேசுகிறவர்களை வாரம் ஒருமுறையாவது அந்த மேஜைக்காரர்கள் பார்த்திருப்பார்கள். அங்கே கெஞ்சுவதில் பயனில்லை, அம்மாவுக்குத் தனியாக ஒரு பொது லவுஞ்சில் காசு கட்டி உட்காரவைத்து நீங்களும் அங்கேயே கூட உட்காருவது உத்தமம். உங்கள் கிரெடிட் கார்டோடு பிரயாரிட்டி பாஸ் மாதிரி பொது லவுஞ்சுகளுக்குள் விடும் அட்டை ஏதாவது இருந்தால் அது உதவும் நேரம் இதுதான்.

சென்னையில்

சென்னைக்குச் சீக்கிரம் போய் லவுஞ்சை அனுபவிக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் வேண்டாம் என்பேன். இங்கே பெரும்பாலான வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சொந்த லவுஞ்ச் கிடையாது, தங்கள் பயணிகளைப் பொது லவுஞ்சுக்கு அனுப்புகிறார்கள், அங்கே வங்கிக் கார்டுக்காரர்களும் அதே நேரத்தில் வந்து நிற்பார்கள். நம் ஊரிலிருந்து கிளம்பும் வெளிநாட்டு விமானங்களில் நிறைய நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் நடுவில்தான், எல்லோரும் சேர்ந்தாற்போல வந்து விழுவார்கள். செக்-இன் மேஜையிலேயே எந்த லவுஞ்ச், எந்தப் பக்கம் என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் தனியாக ஒரு அழைப்புச் சீட்டு கொடுப்பார்கள், அது இல்லாமல் போனால் வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இமிக்ரேஷன் தாண்டிய பிறகு அந்தச் சீட்டுக்காகத் திரும்பி வர முடியாது.

இருந்தாலும் சென்னை லவுஞ்சுக்கு நான் போகாமல் இருந்ததில்லை, அதற்கு ஒரே காரணம் சாப்பாடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூரோ துபாயோ நாலு மணி நேரம் சொச்சம், தோஹா அதைவிடக் கொஞ்சம் அதிகம். விமானம் மேலே ஏறி நிலைக்கு வரவே அரை மணி. அப்புறம் சூடான துண்டு, பாதாம் முந்திரி, மேஜை விரிப்பு, முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு என்று நீட்டினால் இன்னும் ஒன்றரை மணி நேரம். இறங்குவதற்கு அரை மணிக்கு முன்பே சீட்டை நிமிர்த்தச் சொல்லிவிடுவார்கள். நடுராத்திரியில், படுக்கையாக விரியும் சீட்டுக்கு அவ்வளவு காசு கொடுத்துவிட்டு ஒன்றரை மணி நேரம்தான் படுத்தேன் என்றால் யாருக்கு நஷ்டம்? லவுஞ்சில் இரண்டு இட்லியோ கொஞ்சம் சோறோ சாப்பிட்டுவிட்டு, ஏறினதும் பணிப்பெண்ணிடம் "எனக்குச் சாப்பாடு வேண்டாம், இறங்கும் வரை எழுப்ப வேண்டாம்" என்று சொல்லிப் போர்த்திக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் கிடைக்கும். மறுநாள் மீட்டிங்கில் உட்கார்ந்து கொட்டாவி விடாமல் இருப்பதற்கு அந்த மூன்று மணி நேரம்தான் காரணமாக இருக்கும்.

பகல் விமானத்துக்கும் பத்து மணி நேரத்துக்கு மேல் போகிற விமானத்துக்கும் இதைத் திருப்பிப் போடுங்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும்போது 'புக் த குக்' என்று வேண்டிய சாப்பாட்டை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்திருந்தால் லவுஞ்சில் காபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மேலே போய் அந்தத் தட்டைப் பார்த்து வருத்தப்பட வேண்டியிருக்கும்.

நடுவில் இறங்கும் ஊர்தான் ஊர்

லவுஞ்சுக்கு உண்மையான மதிப்பு நடுவழியில்தான். துபாய், தோஹா, சிங்கப்பூர், ஹாங்காங், கொழும்பு என்று அந்தந்த நிறுவனம் தன் சொந்த ஊரில் கட்டியிருக்கும் லவுஞ்சுதான் லவுஞ்ச், மற்ற ஊர்களில் இருப்பதெல்லாம் அதன் சித்தப்பா பிள்ளை.

தோஹா ஹமத் விமான நிலையத்தில் நட்ட நடுவில் தலையில் விளக்கு மாட்டிய ஒரு ராட்சச மஞ்சள் கரடி பொம்மை உட்கார்ந்திருக்கும், ஏழு மீட்டர் உயரம், ஊர்ஸ் ஃபிஷர் என்கிற சுவிஸ் கலைஞர் செய்தது. அதைப் பார்த்துவிட்டால் அல் முர்ஜானின் தெற்கு லவுஞ்ச் வந்துவிட்டது என்று அர்த்தம், மேலே ஏறினால் போதும். எல்லோரும் அங்கேதான் ஏறுவார்கள், கூட்டம் அங்கேதான். வடக்குப் பக்கம், கூரைக்கடியில் மரமெல்லாம் வளர்த்து 'ஆர்ச்சர்ட்' என்று ஒரு தோட்டம் வைத்திருக்கிறார்கள், அதற்கு மேலே 'தி கார்டன்' என்று இன்னொரு அல் முர்ஜான். பிசினஸ் பயணி இரண்டில் எதில் வேண்டுமானாலும் உட்காரலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் நான் வடக்குதான் போவேன், மேலிருந்து மரங்களைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கலாம்.

துபாயில் எமிரேட்ஸுக்கு மூன்றாம் முனையத்தில் ஏ, பி, சி என்று மூன்று பகுதி, மூன்றிலும் பிசினஸ் லவுஞ்ச் உண்டு. இங்கே அழகைப் பார்க்காதீர்கள், அடுத்த விமானத்தின் கேட் எந்தப் பகுதியில் என்று பார்த்து அந்தப் பகுதி லவுஞ்சுக்கே போங்கள். ஏ-வுக்கும் பி-க்கும் நடுவில் ரயில் ஏற வேண்டும், அவசரத்தில் அது பெரிய தூரம். ஏ பகுதியில் லவுஞ்ச் ஒரு தளம் முழுக்க நீண்டு கிடக்கும், கேட் எண்ணுக்கு நேராகப் போய் உட்கார்ந்தால் அங்கிருந்தே விமானத்துக்குள் ஏறிவிடலாம், கீழே இறங்கிக் கூட்டத்தோடு நிற்க வேண்டாம்.

ஹாங்காங்கில் கதே பசிஃபிக்கின் 'தி பியர்' பிசினஸ் லவுஞ்ச் கடைசிக் கோடியில் அறுபத்தைந்தாம் கேட் பக்கம் இருக்கிறது. நடந்து போகச் சலித்துக்கொண்டு முதலில் கண்ணில் பட்ட லவுஞ்சில் உட்காருபவர்களுக்கு அங்கே இருக்கிற தேநீர் அறையும் நூடுல்ஸ் பாரும் போச்சு. சைவக்காரர்கள் நூடுல்ஸ் கேட்கும்போது மேலே போடும் காய்கறியை மட்டும் பார்க்காமல் அடியில் ஊற்றும் சாறு எதில் காய்ச்சியது என்றும் கேளுங்கள். கேட்டால் நேர்மையாகச் சொல்வார்கள்.

கொழும்பு வழியாகப் போகிறவர்களுக்குக் கட்டுநாயக்காவில் ஸ்ரீலங்கனின் செரண்டிப் லவுஞ்ச். மேலே சொன்னவை மாதிரி பிரம்மாண்டம் எல்லாம் கிடையாது.

சாப்பாட்டுப் பிரியர்களுக்கு என் சொந்த உபாயம் ஒன்று. வளைகுடா லவுஞ்சுகளில் சோறும் ஏதாவது ஒரு பருப்பும் பஃபேயில் எப்படியும் இருக்கும், காலைச் சிற்றுண்டிப் பக்கம் தயிர்க் கோப்பைகள் அடுக்கியிருப்பார்கள். சர்க்கரை போடாத தயிராகப் பார்த்து இரண்டு எடுத்து, அந்த நீள அரிசிச் சோற்றில் கவிழ்த்து, உப்புப் போட்டுக் கரண்டியால் நன்றாக மசித்தால் மூன்றாம் நாள் பயணத்தில் அதுதான் அமிர்தம். ஊறுகாய் கொண்டுபோகலாம் என்று நினைக்காதீர்கள், எண்ணெயில் மிதக்கிற ஊறுகாயைக் கைப்பையில் விடமாட்டார்கள். பருப்புப் பொடி ஒரு சின்னப் பொட்டலம் போதும். பக்கத்து மேஜையில் ஷாம்பெயினோடு உட்கார்ந்திருப்பவர் பார்ப்பார், பார்க்கட்டும்.

குளியல்

எனக்கு லவுஞ்ச் என்றால் முதலில் குளியல், மற்றதெல்லாம் அப்புறம். இரவு முழுக்க விமானத்தில் கிடந்துவிட்டு நடுவழியில் வெந்நீரில் குளித்து வேறு சட்டை போட்டுக்கொண்டு அடுத்த விமானத்தில் ஏறும்போது பாதிப் பயணம் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

உள்ளே நுழைந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம் ஷவருக்குப் பெயர் கொடுப்பது. தட்டெடுக்கப் போகாதீர்கள், இடம் பிடிக்கப் போகாதீர்கள். நள்ளிரவில் ஒரே நேரத்தில் நாற்பது ஐம்பது விமானம் வந்திறங்கும் ஊர்களில் வரிசை ஒரு மணி நேரம்கூடப் போகும். பெயர் கொடுத்தால் அதிர்கிற வில்லை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள், அல்லது போர்டிங் பாஸை வாங்கி வைத்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அந்த நேரத்தில் காபி குடிக்கலாம். போர்டிங் பாஸை வாங்கி வைத்துக்கொண்டால் திரும்ப வாங்க மறக்காதீர்கள். துண்டு, சோப்பு, ஷாம்பூ எல்லாம் அங்கேயே இருக்கும், பல் துலக்கியும் சவரக் கத்தியும் கேட்டால் கொடுப்பார்கள். கொடுக்க முடியாதது மாற்றுத் துணி. அது உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் அழகாக மடித்து வைத்திருந்தால் அது விமானத்தின் வயிற்றில் இருக்கும். அழுக்குத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் கவர், அதை மறந்தவன் ஈரப் பனியனை லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்துப் போன கதையெல்லாம் உண்டு.

அம்மாவை ஒருமுறை தோஹா வழியாகக் கூட்டிப்போனேன், இருவருக்கும் பிசினஸ். குளித்தே ஆக வேண்டும் என்றாள், சரி என்று பெயர் கொடுத்து உள்ளே அனுப்பினேன். அரை மணி ஆயிற்று, நாற்பது நிமிடம் ஆயிற்று, ஆளைக் காணோம். கவனித்துக்கொள்ளும் பெண் இரண்டு தரம் கதவைத் தட்டிவிட்டு என்னைப் பார்க்கிறாள். கடைசியில் நெற்றியில் விபூதியோடு வெளியே வந்தவள் சொன்ன காரணம், தரையெல்லாம் ஈரம், புடவை எங்கே கட்டுவது, கொசுவம் வைக்கிறதற்குள் கரை நனைந்துவிட்டது, அதைப் பிழிந்து கை உலர்த்தும் காற்றில் காட்டிக்கொண்டு நின்றேன் என்று. ஆகவே புடவை கட்டும் அம்மாக்களோடு போகிறவர்கள், கொஞ்சம் பெரிய ஷவர் அறை வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு ஓர் அறை பெரும்பாலும் இருக்கும், காலியாக இருந்தால் தருவார்கள். கூடுதலாக ஒரு துண்டு வாங்கித் தரையில் விரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

போய்ச் சேர்ந்த ஊரில் குளிக்கும் வசதியும் சில இடங்களில் இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. லண்டன் ஹீத்ரோ ஐந்தாம் முனையத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் வருகை லவுஞ்சில், நீண்ட தூரப் பிசினஸில் வந்தவர்கள் இமிக்ரேஷன் முடித்து வெளியே வந்த பிறகு குளித்துவிட்டுச் சிற்றுண்டி சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மதியத்துக்கு மேல் மூடிவிடுவார்கள், காலை விமானங்களுக்காக வைத்திருக்கிற இடம் அது. ஹோட்டலில் அறை மூன்று மணிக்குத்தான் என்று கைவிரிக்கிற ஊரில் இது பெரிய உபகாரம். சாதாரண லவுஞ்சுகளுக்குள் இறங்கினபின் பெரும்பாலும் போக முடியாது, அவை ஏறுகிறவர்களுக்குத்தான்.

அடுத்த விமானம் மறுநாள் என்றால்? ஸ்டார் அலையன்ஸில் அன்றைக்கே கிளம்பும் விமானம், அல்லது மறுநாள் காலை ஐந்து மணிக்குள் கிளம்புவது என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் ராத்திரி ஒன்பதுக்கு இறங்கி மறுநாள் காலை எட்டுக்கு ஏறுகிறவர் என்றால் அந்த விதியை மட்டும் நம்பி ஹோட்டல் போடாமல் வந்துவிடாதீர்கள். டெல்டா தன் லவுஞ்சான ஸ்கை கிளப்பில், பயணம் தொடங்குகிற ஊரில், புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னால்தான் சேர்க்கும். நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் அந்தந்த நிறுவனத்தின் பக்கத்தில் போய்ப் படித்துவிடுங்கள்.

உள்ளே எப்படி இருப்பது

பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி பையை ஒரு சோபாவில், ஜாக்கெட்டை இன்னொரு சோபாவில் போட்டுவிட்டு மூன்றாவது இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் நம்மில் அதிகம், கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வீடியோ கால் போட்டு லவுஞ்சைச் சுற்றிக் காட்டுவது ஒரு தரம் சரி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு செய்யுங்கள். பழமும் தண்ணீர் பாட்டிலும் ஒன்றிரண்டு எடுத்துக்கொண்டு போவதை யாரும் கண்டுகொள்வதில்லை, டப்பா கொண்டுவந்து கட்டுவது வேறு. குடிப்பதெல்லாம் இலவசம்தான், தோஹாவிலும் துபாயிலும் தாராளமாகவே கிடைக்கும், ஆனால் விமானத்தில் ஏறவிடாமல் நிறுத்துவதற்கு அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்பதை இரண்டாவது கோப்பையிலேயே நினைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் அமெரிக்காவில் மட்டும், மது ஊற்றிக் கொடுப்பவருக்கு ஒரு டாலர்.

கிளம்புகிற நேரம்

நிறைய லவுஞ்சுகளில் விமான அறிவிப்பே செய்வதில்லை. அமைதி வேண்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு விமான நிலையத்தில், ஊர் பெயர் வேண்டாம், சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்து எழுந்து பார்க்கிறேன், திரையில் என் விமானத்துக்கு நேரே சிவப்பில் கடைசி அழைப்பு, கேட் எண்ணும் மாறியிருக்கிறது, நான் மனதில் வைத்திருந்தது கட்டிடத்தின் இந்தக் கோடி, மாறியது அந்தக் கோடி. பிசினஸ் கிளாஸ் பயணி என்று எவரும் வந்து எழுப்பவில்லை. ஓடினேன், ஏறிவிட்டேன், ஆனால் சட்டையெல்லாம் வேர்த்து, குளித்த குளியல் வீண். அன்றிலிருந்து படுப்பதற்கு முன் இரண்டு அலாரம், இரண்டாவது கைக்கெட்டாத தூரத்தில்.

பொதுவாகப் புறப்பாட்டுக்குப் பதினைந்து இருபது நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள், போர்டிங் பாஸில் பெரிதாகப் போட்டிருப்பது புறப்படும் நேரமா ஏறும் நேரமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாங்கி மூன்றாம் முனையத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அங்கே செக்யூரிட்டி சோதனை கேட் வாசலில்தான். லேப்டாப்பை வெளியே எடுத்து, பெல்ட்டைக் கழற்றி, எல்லாம் அங்கே மறுபடி. ஆகவே மற்ற ஊர்களைவிடக் கால் மணி முன்னால் எழுந்திருங்கள். லவுஞ்சில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போனால் அந்த வாசலில் கொட்டச் சொல்வார்கள், குடித்துவிட்டு வெறும் பாட்டிலோடு போங்கள்.

எழுந்திருக்கும்போது சோபாவுக்கு அடியில் குனிந்து பாருங்கள், பிளக் அங்கேதான் ஒளிந்திருக்கும். என்னுடைய சார்ஜர்களில் ஒன்று தோஹாவில் இருக்கிறது, இன்னொன்று ஃபிராங்க்ஃபர்ட்டில்.